ஷாவியா, இனியெஸ்டாவா?

பார்சிலோனா, ஸ்பெயின் கால்பந்து அணிகளின் நடுக்களத்தை ஆண்டவர்கள் ஷாவியும் இனியெஸ்டாவும். பந்து தன்னிடம் வருமுன்பே ஷாவி தலையைத் திருப்பித் திருப்பி, யார் எங்கே நிற்கிறார் என்று பார்த்துவிடுவார். வந்ததும் ஒரு தொடல், உடனே பாஸ். யாராவது நெருக்கினால், பந்தோடு ஒரு முழு வட்டம் சுற்றித் தப்பிப்பார்.

இனியெஸ்டா வேறு ரகம். எதிராளி காலை நீட்டும்வரை காத்திருப்பார். நீட்டியதும் பந்தை வலக்காலிலிருந்து இடக்காலுக்குச் சட்டென மாற்றி, கிடைத்த இடைவெளியில் நழுவிவிடுவார். பார்க்க அழகு இதுதான், சந்தேகமில்லை! ஆனால் ஆட்டத்தின் வேகத்தை ஏற்றி இறக்கியவர் ஷாவி.

யூரோ கோப்பையில் தொடரின் சிறந்த ஆட்டக்காரர் விருது 2008-இல் ஷாவிக்கு, 2012-இல் இனியெஸ்டாவுக்கு. இரண்டு முறையும் கோப்பை ஸ்பெயினுக்கு!