பயம், ஐயம், விசுவாசம்: கொல்லிமலை பிராண்ட் குடும்பம்

கிறிஸ்தவ வழக்கில் விசுவாசம் என்பது கடவுள் உண்டு என்று ஒப்புக்கொள்வதை மட்டும் குறிப்பதில்லை. அவரை நம்பித் தன் வாழ்வை அவர் பொறுப்பில் விடுவதையும் அது குறிக்கும். சீர்திருத்தத் திருச்சபைகள் பயன்படுத்தும் பழைய தமிழ் வேதாகமம் இதை 'விசுவாசம்' என்கிறது. 1995இல் வெளிவந்த பொதுமொழிபெயர்ப்பான திருவிவிலியம் 'நம்பிக்கை' என்கிறது. இரு சொற்களுமே பயமும் ஐயமும் இல்லாத நிலையைக் குறிப்பவை என்ற எண்ணம் பரவலாக உண்டு. வேதாகமத்தைப் படித்தாலும், விசுவாசிகளின் வாழ்க்கையைப் பார்த்தாலும் அந்த எண்ணம் நிற்பதில்லை. சேலம், நாமக்கல் சமவெளியை அடுத்த கொல்லிமலையில் வாழ்ந்த பிராண்ட் குடும்பத்தின் வரலாறு இதற்கு நல்ல எடுத்துக்காட்டு.

வேதாகமத்தில் ஐயம்

சங்கீதங்களில் பல புலம்பல்கள். கடவுள் தன்னை மறந்துவிட்டாரா, எத்தனை நாள் இப்படி என்று பாடியவர் நேரடியாகக் கேட்கிறார். இவற்றில் பல இறுதியில் நம்பிக்கைக்குத் திரும்புகின்றன. 88ஆம் சங்கீதம் திரும்புவதில்லை, இருளிலேயே முடிந்துவிடுகிறது. அப்படி ஒரு பாடலை வழிபாட்டு நூலிலிருந்து யாரும் நீக்கவில்லை என்பது கவனிக்கத்தக்கது.

மாற்கு நற்செய்தியின் 9ஆம் அதிகாரத்தில், நோயுற்ற மகனைக் கொண்டுவரும் தகப்பன் ஒரே மூச்சில் தன் விசுவாசத்தையும் அவிசுவாசத்தையும் அறிக்கையிடுகிறான். இயேசு அவனைத் திருப்பி அனுப்பவில்லை, மகன் குணமாகிறான். கண்ணால் கண்டாலன்றி நம்பேன் என்ற தோமாவும் சீடர் கூட்டத்திலிருந்து விலக்கப்படவில்லை. அந்தத் தோமாவின் பெயரில்தான் சென்னையில் ஒரு மலையே இருக்கிறது. ஆக, ஐயத்தோடு கடவுளிடம் வருவதும் ஐயத்தால் கடவுளை விட்டுப் போவதும் ஒன்றல்ல என்பதே வேதாகமம் காட்டும் வேறுபாடு.

கொல்லிமலையில்

ஜெசி பிராண்ட், ஈவ்லின் ஹாரிஸ் இருவரும் இங்கிலாந்திலிருந்து ஸ்டிரிக்ட் பாப்டிஸ்ட் மிஷன் சார்பில் வந்தவர்கள். 1913இல் மலையடிவாரத்துச் சேந்தமங்கலத்தில் திருமணம் நடந்தது. பின் மலையேறி வாழவந்திநாடு பகுதியில் வீடு அமைத்தனர். இன்று காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட சாலை மேலே போகிறது. அன்று நடந்தோ டோலியிலோதான் போக வேண்டும். சாமையும் கேழ்வரகும் விளைவித்து வாழ்ந்த மலையாளி பழங்குடியினர் (கேரள மக்கள் அல்லர், மலையில் வாழ்பவர் என்ற பொருளில் வந்த பெயர்) மலேரியாவுக்கும் நரம்புச் சிலந்திக்கும் நடுவே வாழ்ந்தனர். கொல்லிமலைக்குக் காய்ச்சல் மலை என்ற கெட்ட பெயர் இருந்ததால் சமவெளி மக்கள் அங்கே தங்கப் பயந்தார்கள். அந்தப் பயம் மூடநம்பிக்கை அல்ல, அனுபவம்.

பல ஆண்டுகள் உழைத்தும் ஒருவரும் மதம் மாறவில்லை. மருந்து வாங்க வருவார்கள், போய்விடுவார்கள். மலைக்கோயில் பூசாரி ஒருவர் வெளிப்படையாகவே எதிர்த்தார். முதல் உலகப்போரின் முடிவில் பரவிய விஷக்காய்ச்சலில் அந்தப் பூசாரி விழுந்தபோது, தொற்றுக்கு அஞ்சி எவரும் கிட்டே வரவில்லை. கஞ்சியோடு போனவர்கள் பிராண்ட் தம்பதியர். சாகும் தறுவாயில் அவர் தம் பிள்ளைகளை அவர்கள் கையில் ஒப்படைத்தார். அதன் பிறகே சிலர் அவர்களின் வழிபாட்டுக்கு வரத் தொடங்கினர்.

1929

மூத்த பிள்ளை பால் பிராண்ட் 1914இல் பிறந்தவர். 1923இல் அவரும் தங்கை கானியும் படிப்புக்காக இங்கிலாந்தில் உறவினர் வீட்டில் விடப்பட்டனர். அன்றைய மிஷனெரிக் குடும்பங்களில் இது வழக்கம்தான், என்றாலும் ஒன்பது வயதுப் பையனுக்கு அது வழக்கமாகத் தோன்றியிருக்காது. தந்தையை அவர் மீண்டும் பார்க்கவே இல்லை.

1929 ஜூன் மாதம் ஜெசி கருநீர்க் காய்ச்சலில் இறந்தார். கடும் மலேரியாவின் விளைவாக இரத்தச் சிவப்பணுக்கள் சிதைந்து, சிறுநீர் கறுத்துப்போகும் நோய் இது. அவருக்கு வயது 44. செய்தி தந்தியில் இங்கிலாந்து போய்ச் சேர்ந்தது. ஆனால் அவர் எழுதிய கடிதங்கள் கப்பலில் வாரக்கணக்கில் பயணம் செய்தவை. ஆகவே தந்தை இறந்தார் என்று அறிந்த பின்பும் மலையின் மரங்களைப் பற்றியும் ஊருக்குத் திரும்பும் திட்டத்தைப் பற்றியும் அவர் கைப்பட எழுதிய கடிதங்கள் மகனுக்கு வந்துகொண்டிருந்தன.

அடுத்த ஆண்டளவில் ஈவ்லின் இங்கிலாந்து திரும்பினார். மகன் நினைவில் வைத்திருந்த துடிப்பான தாய் அல்ல, கூனி நரைத்த ஒரு பெண் கப்பலிலிருந்து இறங்கியதாகப் பால் பிராண்ட் பின்னாளில் எழுதினார். விசுவாசிகள் துக்கத்தால் உடையக் கூடாது என்பார் இதைப் படித்துப் பார்க்கலாம். ஈவ்லின் உடைந்தார், பிறகு இந்தியாவுக்கே திரும்பினார். இரண்டும் உண்மை.

மிஷன் அவரைச் சமவெளியில் வேலை செய்ய வைத்தது. மலைக்கு அனுப்ப மறுத்தது. 1940களின் இறுதியில், எழுபதை நெருங்கும் வயதில் பணி ஓய்வு வந்ததும், சம்பளம் இல்லாமல் தம் பொறுப்பில் கொல்லிமலைக்கே ஏறிப் போனார். அங்கிருந்து கல்வராயன் முதலிய மலைகளுக்கும் மட்டக்குதிரையில் போனார். இடுப்பெலும்பு முறிந்த பின் இரு மூங்கில் தடிகளை ஊன்றி நடந்தார். அதற்குள் வேலூரில் பெயர்பெற்ற அறுவை மருத்துவராகியிருந்த மகன் இறங்கிவரச் சொல்லியும் கேட்கவில்லை.

ஊசி ஒன்றின் கதை

பால் பிராண்டின் சொந்தப் பயம் வேறு வகையானது. அவர் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் 1940களின் பிற்பகுதி முதல் தொழுநோயாளிகளின் மடங்கிய விரல்களுக்குத் தசைநாண் மாற்று அறுவைசிகிச்சை செய்தவர். நோயாளிகளின் விரல்கள் தாமாக அழுகி விழுவதில்லை, வலி தெரியாததால் ஏற்படும் காயங்களாலேயே அழிகின்றன என்பதை நிறுவியவர். 1950களில் ஒரு நெடும்பயணத்துக்குப் பின் இங்கிலாந்தில் ஓர் இரவு காலுறையைக் கழற்றும்போது குதிகாலில் உணர்ச்சி இல்லை என்று கண்டார். ஊசியால் குத்தினார், வலிக்கவில்லை. தமக்கும் தொழுநோய் வந்துவிட்டது, குடும்பத்தைப் பிரிய வேண்டும் என்று விடியும்வரை தூங்காமல் கிடந்தார். காலையில் மறுபடி குத்தியபோது சுரீரென்று வலித்தது. ரயிலில் ஒரே நிலையில் உட்கார்ந்ததில் நரம்பு மரத்துப்போயிருந்தது, அவ்வளவுதான். வலிக்காக அன்று கடவுளுக்கு நன்றி சொன்னவர், பின்னர் வலியைப் பற்றியே நூல் எழுதினார்.

ஆண்டுக்கணக்கில் நோயாளிகளிடம் பயப்பட வேண்டாம் என்று சொல்லிவந்தவர் அந்த ஓர் இரவில் பயந்தார். விசுவாசம் அவரைப் பயத்திலிருந்து காக்கவில்லை. பயந்த பிறகும் அதே நோயாளிகளிடம் அவர் திரும்பிப் போனார்.

தவறான பயன்பாடு

நோயோ இழப்போ நேர்ந்தவரிடம் 'விசுவாசம் போதவில்லை' என்று சொல்லும் பழக்கம் சபைகளில் உண்டு. யோபுவின் நண்பர்கள் செய்ததும் இதுதான். அந்நூலின் முடிவில் கடவுள் கண்டிப்பது யோபுவை அல்ல, அவர்களை. இடைவிடாத பதற்றமும் தூக்கமின்மையும் மருத்துவம் தேவைப்படும் நோய்களாகவும் இருக்கலாம். பிராண்ட் தம்பதியர் ஜெபமும் செய்தார்கள், கொய்னாவும் கொடுத்தார்கள். ஒன்றைச் செய்தால் மற்றது வேண்டாம் என்று அவர்கள் நினைக்கவில்லை.

ஈவ்லின் 1974 டிசம்பரில், தம் 95ஆம் வயதில் இறந்தார். பருத்தித் துணியில் சுற்றி, கொல்லிமலையில் ஜெசியின் கல்லறைக்கு அருகே புதைத்தார்கள். கணவர் இறந்து 45 ஆண்டுகள் ஆகியிருந்தன.