பயிற்றுநரின் வாய்ச்சொல்

உதைபந்தாட்டத்தில் பிழைவிட்ட பிள்ளையைப் பலர் முன்னிலையிற் கடிந்துகொள்ளும் பயிற்றுநரை நாம் கண்டிருக்கிறோம். வசைமொழியால் அப்பிள்ளையின் கால்கள் மேலும் தளருமேயன்றி விரையமாட்டா.

1966ஆம் ஆண்டு யூலை 30ஆந் திகதி வெம்பிளி மைதானத்தில் உலகக் கிண்ண இறுதியாட்டம் நடைபெற்றது. 2–1 என முன்னணியில் நின்ற இங்கிலாந்துக்கு எதிராக, ஆட்டம் முடியுந் தறுவாயில் மேற்கு ஜேர்மனி ஒரு கோல் அடித்துச் சமப்படுத்தியது. கைக்கெட்டியது வாய்க்கெட்டாத நிலை. இன்னும் அரைமணி நேரம் ஆடவேண்டும்.

பயிற்றுநர் அல்ஃப் ராம்சி எவரையும் குறைகூறினாரல்லர். களைத்த வீரரைத் தரையில் அமரவும் விடவில்லை. ஒருமுறை வென்றுவிட்டீர்கள், சென்று மறுமுறையும் வெல்லுங்கள் என்றார். எதிரணியினர் சோர்ந்து புற்றரையிற் கிடப்பதைச் சுட்டிக்காட்டினார். இங்கிலாந்து 4–2 என வெற்றி ஈட்டியது.

களைத்தவன் செவியில் நீண்ட உபதேசம் ஏறாது. கண்ணாற் காணத்தக்க ஒரு செய்தியே அவனுக்குப் போதும். பிழைகளை ஆராயப் பயிற்சி நாள் இருக்கிறது. அன்று தனியே அழைத்து, காலை எங்கே ஊன்றுவதென்று செய்துகாட்டித் திருத்துவதே முறை.

எல்லைக்கோட்டருகே நின்று கூவும் பெற்றோராகிய நாமும் இதனைச் சிந்திப்போமாக.