செங்கல்பட்டு – அரக்கோணம் இருப்புப்பாதையும் ஸ்ரீபெரும்புதூர் – ஒரகடம் தொழில் வட்டாரமும்

சென்னைக் கடற்கரை நிலையத்திலிருந்து தாம்பரம், செங்கல்பட்டு, காஞ்சிபுரம், அரக்கோணம், திருவள்ளூர் வழியாக மீண்டும் கடற்கரைக்கே திரும்பும் வட்டப் புறநகர் ரயில் 2019 ஏப்ரலில் இயக்கத்திற்கு வந்தது. ஏறத்தாழ 194 கி.மீ. நீளமுள்ள இவ்வட்டத்தின் உள்ளேதான் ஸ்ரீபெரும்புதூர், இருங்காட்டுக்கோட்டை, ஒரகடம், மண்ணூர் ஆகிய ஊர்கள் அமைந்துள்ளன. ஆயினும் அவற்றுள் ஒன்றிலும் ரயில் நிலையம் இல்லை. இவ்வட்டத்தின் தென்மேற்குப் பகுதியாகிய செங்கல்பட்டு – அரக்கோணம் பாதை இத்தொழில் வட்டாரத்திற்கு எவ்வாறு பயன்படுகிறது என்பதை அதன் வரலாற்றோடு இணைத்து இக்கட்டுரை விளக்குகிறது.

தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில்பாதை 1856 ஜூலை 1 அன்று ராயபுரத்திற்கும் வாலாஜா ரோட்டிற்கும் இடையே திறக்கப்பட்டது. (காஞ்சிபுரம் மாவட்டத்து வாலாஜாபாத் வேறு, இரண்டையும் ஒன்றாகக் கொள்வது எளிதில் நேரும் பிழை.) அப்பாதையிலுள்ள அரக்கோணத்திலிருந்து காஞ்சிபுரத்திற்கு 1865இல் இந்தியன் டிராம்வே கம்பெனி ஒரு கிளைப்பாதை அமைத்தது. செலவைக் குறைக்கும் பொருட்டு அதன் அகலம் 3 அடி 6 அங்குலமாகக் கொள்ளப்பட்டது. மதராஸ் ரயில்வேயின் பாதையோ 5 அடி 6 அங்குலம். ஆகவே காஞ்சிபுரத்துச் சரக்கு அரக்கோணத்தில் இறக்கி மறுபடியும் ஏற்றப்பட வேண்டியதாயிற்று. கட்டுமானத்தில் மிச்சம் பிடித்தது சுமைகூலியில் கரைந்தது எனலாம். இக்கம்பெனி பின்னர் கர்நாடிக் ரயில்வே எனப் பெயர் மாறி, 1874இல் தென்னிந்திய ரயில்வே உருவானபோது அதனுள் அடங்கியது. 1878இல் பாதை மீட்டர் அகலத்திற்கு மாற்றப்பட்டது. பிற்காலத்தில் செங்கல்பட்டு வரை நீண்டு, இறுதியில் அகலப்பாதையாகி, மின்மயமும் ஆயிற்று. மூன்று அகலங்களைக் கண்ட பாதைகள் தமிழகத்தில் அரியவை.

1990களின் பிற்பகுதியில் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் ஆலை உற்பத்தியைத் தொடங்கிய பின் இப்பாதைக்குப் புதியதொரு பயன் வாய்த்தது. வண்டலூர் – வாலாஜாபாத் சாலை ஒரகடத்தை ஊடறுத்துச் செல்வதால், வாலாஜாபாத் நிலையம் மகிழுந்துகளை ஏற்றும் முனையமாக வளர்ந்தது. மகிழுந்து ஏற்றும் ரயில்பெட்டிகளுள் ஒருவகை, வயது கடந்த பயணிகள் பெட்டிகளின் இருக்கைகளை அகற்றி, சாளரங்களை அடைத்து உருவாக்கப்படுவதாகும்.

அம்மகிழுந்துகளைச் செய்வோரின் பயணம் வேறுவகையானது. திருமால்பூர், காஞ்சிபுரம், பழையசீவரம், பாலூர் எனப் பாதையோர ஊர்களிலிருந்து செல்லும் தொழிலாளர்கள் பெரும்பாலும் ஆலைப் பேருந்துகளையே நம்பியுள்ளனர். வாலாஜாபாத்தில் இறங்குவோர்க்கும் ஒரகடம் செல்ல மேலும் ஏறத்தாழ 20 கி.மீ. சாலைப்பயணம் உண்டு. ஒற்றைப்பாதையில் எதிரெதிர் வரும் வண்டிகள் நிலையங்களில் காத்திருந்தே விலக வேண்டும்; எனவே மூன்று முறைப்பணிகளின் தொடக்கத்திற்கும் முடிவிற்கும் ஏற்ப வண்டிகளைக் கூட்டுவது எளிதன்று. மண்ணூர்ப் பகுதியினர்க்கு இப்பாதையைவிட வடக்கேயுள்ள கடம்பத்தூர், திருவள்ளூர் நிலையங்களே அணுக்கமானவை. அங்கும் சாலைப்பயணம் தவிர்க்க இயலாதது.

ஆவடி – ஸ்ரீபெரும்புதூர் – கூடுவாஞ்சேரி புதிய பாதை, ஏறத்தாழ 60 கி.மீ. நீளத்தில், 2013–14ஆம் ஆண்டு ரயில்வே நிதிநிலை அறிக்கையில் இடம்பெற்றது. வட்டத்தின் நடுவே செல்லக்கூடிய திட்டம் அது. இன்னும் தண்டவாளம் இடப்படவில்லை. இதற்கிடையே 2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் 18,720 பெண் தொழிலாளர்கள் தங்கும் விடுதி வளாகம் திறக்கப்பட்டது. தொழிலாளரை ஆலைக்குக் கொண்டுவருவதற்கு மாற்றாக ஆலையருகே குடியமர்த்தும் ஏற்பாடு இது. குடும்பத்தோடு சொந்த ஊரில் வாழ்ந்துகொண்டே வேலைக்குச் செல்வோர் இதனால் பயன்பெறுவதில்லை.