திரை உறைந்தால் திகைக்க வேண்டாம்



சிங்கப்பூரில் ஃபேரர் பார்க் ரயில் நிலையத்தில் இறங்கிச் சற்று நடந்தால், சையத் ஆல்வி சாலையில் முஸ்தபா கடை இருக்கிறது. அங்கே வேலைக்குப் போன நம் பிள்ளைகள் ஞாயிற்றுக்கிழமைகளில் கூடும் வட்டாரம் அது. ஊர் திரும்பும்போது, தம்பி தங்கையின் படிப்புக்கென்று லேப்டாப் வாங்கி வருபவர்களும் உண்டு. பல மாதச் சேமிப்பு அதில் அடங்கியிருக்கிறது.

லேப்டாப் சற்றுப் பழையதானால், "லினக்ஸ் போட்டுப் பாருங்கள்" என்று யாராவது சொல்வார்கள். நல்ல யோசனைதான். 1991இல் பின்லாந்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கி வைத்த லினக்ஸை விலையின்றிப் பெறலாம். ஆனால் பென் டிரைவைச் செருகித் தொடங்கியதும், சில லேப்டாப்புகளில் திரை கறுத்துவிடுகிறது. அல்லது படம் அப்படியே நின்றுவிடுகிறது. சாமான் கெட்டுவிட்டது என்று வந்த விலைக்கு விற்றுவிடக் கூடாது. பெரும்பாலும் அது கெட்டிருக்காது.

காரணம் என்ன? இத்தகைய லேப்டாப்பில் படம் வரையும் சில்லுகள் இரண்டு இருக்கின்றன. ஒன்று சிறியது, மின்சாரம் குறைவாகக் குடிக்கும். மற்றொன்று பெரியது; கனமான வேலைக்கு மட்டும் விழிக்கும். என்விடியா நிறுவனம் ஆப்டிமஸ் என்ற பெயரில் 2010இல் இம்முறையைக் கொண்டுவந்தது. இரட்டை மாட்டு வண்டியைப் போல, இரண்டையும் பழக்கத் தெரிந்த வண்டிக்காரன் வேண்டும். அந்த வண்டிக்காரன்தான் டிரைவர் என்னும் மென்பொருள். லினக்ஸுடன் வரும் நுவோ என்ற டிரைவரைத் தன்னார்வலர்கள், நிறுவனத்தின் குறிப்புகள் கிடைக்காத நிலையில், சில்லின் போக்கைக் கவனித்தே எழுதத் தொடங்கினார்கள். அதனால் சில லேப்டாப்புகளில் பெரிய சில்லை எழுப்பும் இடத்தில் எல்லாமே நின்றுவிடுகிறது. 2022இல்தான் என்விடியா தன் புதிய சில்லுகளுக்கான டிரைவரின் ஒரு பகுதியை எல்லாரும் பார்க்கும்படி வெளியிட்டது.

இனி, செய்ய வேண்டியதைப் பார்ப்போம். முதலில், படங்களையும் சான்றிதழ்களையும் வேறோர் இடத்தில் நகலெடுத்து வையுங்கள். பிறகு பத்து நிமிடம் பொறுத்திருந்து, கேப்ஸ் லாக் விசையை அழுத்துங்கள். அதன் விளக்கு எரிந்து அணைந்தால், திரை மட்டுமே நின்றிருக்கிறது. உள்ளே உயிர் இருக்கிறது. மின்பொத்தானைப் பத்து விநாடி அழுத்தி நிறுத்துங்கள். வட்டில் எழுதத் தொடங்கும் முன்பே நின்றிருந்தால் உங்கள் கோப்புகளுக்குச் சேதமில்லை.

மறுபடி தொடங்கும்போது வரும் பட்டியலில் 'பாதுகாப்பான கிராஃபிக்ஸ்' என்ற பொருளில் ஆங்கில வரி இருந்தால் அதையே தேர்ந்தெடுங்கள். இல்லையென்றால் 'ஈ' எழுத்தை அழுத்துங்கள். லினக்ஸ் என்று தொடங்கும் வரியின் கடைசிக்குச் சென்று, ஓர் இடம் விட்டு, நோ, மோட், செட் என்ற மூன்று ஆங்கிலச் சொற்களையும் சிறிய எழுத்தில் இடைவெளியின்றி ஒரே சொல்லாகச் சேருங்கள். பின்பு எஃப்10 விசையை அழுத்துங்கள். "சில்லுகளைத் தொடாதே; இருக்கிற எளிய படமே போதும்" என்பதுதான் அச்சொல்லின் கருத்து.

படம் சற்று மங்கலாகத் தெரியும், கவலை வேண்டாம். இது தற்காலிக ஏற்பாடு. நிறுவி முடித்துத் திறக்கும்போது திரை மீண்டும் நின்றால், அதே சொல்லை மறுபடி சேருங்கள். பிறகு இணையத்தில் இணைந்து, உபுண்டு போன்ற வகைகளில் உள்ள 'கூடுதல் டிரைவர்கள்' பகுதியில் பரிந்துரைக்கப்பட்ட என்விடியா டிரைவரை நிறுவுங்கள். நடுவே கடவுச்சொல் அமைக்கச் சொன்னால் அதை எழுதி வையுங்கள். அடுத்த முறை தொடங்கும்போது நீலத்திரை வந்து அதையே கேட்கும். அந்தத் திரையைத் தள்ளிவிட்டால் புதிய டிரைவர் வேலை செய்யாது.

இத்தனைக்கும் பின் அசையவில்லையென்றால், வேறு பென் டிரைவில் புதிதாக எழுதிப் பாருங்கள். அதன் பிறகே பழுதுபார்ப்பவரிடம் கொண்டுபோங்கள். "இரண்டு படச் சில்லு உள்ள லேப்டாப், இந்தச் சொல்லைச் சேர்த்துப் பார்த்துவிட்டோம்" என்று சொல்லியே கொடுங்கள். விவரம் தெரிந்தவரிடம் வீண் செலவை ஏற்றுவது கடினம். வியர்வை சிந்திச் சேர்த்த பணம், பிள்ளையின் படிப்புக்கே பயன்படட்டும்.