நிலமும் சக்கரமும் – 9: சுமையிலிருந்து சொக் வரை

அம்பாறைக் கரையோரத்தில் நான்கு சக்கர இயக்கமுள்ள ஜீப்பையோ டபுள் கெப்பையோ வைத்திருப்போர் அதனை உயர்த்திக்கொள்ள விரும்புவதற்குத் தோற்றம் மட்டும் காரணமன்று. கல்முனையையும் பொத்துவிலையும் இணைக்கும் ஏ-4 வீதியை விட்டு இறங்கியவுடன், வயல் வட்டைகளுக்குள் நுழையும் கிறவல் பாதைகளும், பெரும்போகத்து மழையில் சேறாகிவிடும் வாய்க்கால் கட்டுகளும், பாணமைக்குத் தெற்கே உகந்தையைக் கடந்து குமண தேசிய பூங்காவுக்குள் செல்லும் மண் தடமும் வண்டியின் அடிப்பாகத்தைச் சோதிப்பவை. 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட தனியார் வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியிலேயே மீண்டும் அனுமதிக்கப்பட்டதனால், இடைப்பட்ட காலத்தில் பழைய ஹைலக்ஸ், மிட்சுபிசி, பொலேரோ வண்டிகளைச் செப்பனிட்டும் மாற்றியமைத்தும் ஓட்டுவதைத் தவிர வேறு வழியும் பெரிதாக இருக்கவில்லை. எனினும் கராஜுக்கு வருபவர் முதலில் கேட்பது எத்தனை அங்குலம் உயர்த்தலாம் என்பதுதான். வில்லும் சொக் அப்சோபரும் அந்த அங்குலத்துக்கு ஏற்றபடி பின்னர் தேடப்படுகின்றன. இந்த வரிசை தலைகீழானது. சுமையைக் கொண்டே வில்லைத் தெரிவுசெய்ய வேண்டும், வில்லைக் கொண்டே சொக்கைத் தெரிவுசெய்ய வேண்டும். உயரம் அவ்விரண்டின் விளைவாகக் கிடைப்பது.

முன்னும் பின்னும் முழு அச்சுடைய பழைய வண்டிகளில் வில்லை மாற்றும்போது உயர்வது சசியும் அதன்மீதுள்ள உடலுமே. அச்சின் நடுவில் உருண்டையாகத் தொங்கும் டிபரென்சியல் நிலத்திலிருந்து முன்பிருந்த உயரத்திலேயே இருக்கும், அதனை உயர்த்தவல்லது பெரிய ரயர் மட்டுமே. உயர்த்திய வண்டி வெள்ளத்தைக் கடந்துவிடும் என்ற நம்பிக்கையும் இங்கேயே திருத்தப்படவேண்டியது. 2024 நவம்பர் இறுதியில் காரைதீவு–மாவடிப்பள்ளி வீதியில் மதரசா மாணவர்களை ஏற்றிவந்த உழவு இயந்திரத்தை வெள்ளம் அடித்துச் சென்றது. ஜீப்பின் சக்கரத்தைவிட மிக உயர்ந்த பின் சக்கரங்களைக் கொண்ட வாகனம் அது. ஓடும் நீர் வாகனத்தைப் பக்கவாட்டில் தள்ளுவதோடு, மூழ்கிய பகுதியின் கனவளவுக்கேற்ப அது நிலத்தில் ஊன்றும் பாரத்தையும் குறைத்துவிடுவதால், வில்லில் கூட்டிய 50 மில்லிமீற்றருக்கு அங்கே பொருளில்லை.

வில்லைத் தெரிவுசெய்வதற்கு முன் வண்டி சுமப்பது என்ன என்பதை எழுதிவைத்துக்கொள்வது நல்லது. முன்னால் பொருத்திய இரும்புக் காப்புச் சட்டம், வின்ச் போன்றவை எந்நாளும் இருக்கும் சுமை, விதைநெல்லும் உரமும் சில நாட்களுக்கு மட்டும் வரும் சுமை. ஒரு மில்லிமீற்றர் அமுங்குவதற்கு 3 கிலோகிராம் தேவைப்படும் வில் பின்பக்கத்தில் இரு புறமும் இருப்பதாகக் கொண்டால், 50 கிலோகிராம் யூரியா மூட்டைகள் பத்தினைப் பின் அச்சுக்கு நேர் மேலே அடுக்கும்போது வண்டி ஏறத்தாழ 83 மில்லிமீற்றர் தாழும். அதாவது இரண்டு அங்குலம் உயர்த்தியவரின் உயரம் பத்து மூட்டை உரத்திலேயே காணாமற்போய்விடுகிறது. இதற்கு மாற்றாக 4.5 கிலோகிராம் தேவைப்படும் கடின வில்லைப் பொருத்தினால் தாழ்வு 56 மில்லிமீற்றராகக் குறையும். ஆனால் வருடத்தின் பெரும்பாலான நாட்களில் வெறுமையாக ஓடும் அதே வண்டி கிறவலில் துள்ளும், துள்ளும் சக்கரத்துக்கு நிலத்தின் மீது பிடிப்பிருக்காது. ஆகவே எந்நாளும் இருக்கும் சுமைக்கு வில்லைப் பொருத்திக்கொண்டு, இடைக்கிடை வரும் சுமைக்கு அமுங்க அமுங்கக் கூடுதல் தகடுகள் சேர்ந்து தாங்கும் இருநிலைத் தகட்டு வில்லை நாடுவதே வயல்காரருக்குப் பொருத்தமானது. அச்சுக்கும் தகட்டு வில்லுக்கும் இடையில் இரும்புக் கட்டை செருகி உயர்த்துவது மலிவான வழியாயினும், முன் அச்சில் அது செய்யத்தகாதது. பின் அச்சிலும், இழுவையின்போது அச்சு சுழல முற்பட்டு வில்லை முறுக்கும் தன்மையை அது கூட்டிவிடும்.

சொக் அப்சோபர் என்ற பெயர் அதிர்ச்சியை அது தாங்கிக்கொள்வதாக எண்ணவைத்தாலும், பாரத்தைத் தாங்குவதும் குழியின் அடியை ஏற்பதும் வில்லே. அமுங்கிய வில் விரிந்து மீண்டும் மீண்டும் ஆடுவதை அடக்குவதுதான் சொக்கின் வேலை. அதனுள் எண்ணெய் நிறைந்த குழாயில் ஒரு பிஸ்டன் நகர, எண்ணெய் சிறு துளைகளின் வழியே நெருக்கப்பட்டு, ஆட்டத்தின் ஆற்றல் வெப்பமாக மாறி வெளியேறுகிறது. அது தரும் எதிர்ப்பு பிஸ்டனின் வேகத்தைப் பொறுத்தது, எவ்வளவு பாரம் ஏற்றப்பட்டுள்ளது என்பதைப் பொறுத்ததன்று. ஆதலால் தாழ்ந்துபோன வண்டியைக் கடினமான சொக் போட்டு நிமிர்த்த முயல்வது வீண்செலவு. தேவைப்படும் அடக்குவிசை, வில்லின் கடினத்தையும் அது சுமக்கும் திணிவையும் பெருக்கி எடுத்த வர்க்கமூலத்துக்கு ஏற்பக் கூடுவதனால், வில்லின் கடினம் இருமடங்கானால் சொக்கின் விசை 1.4 மடங்காக வேண்டும். பல தகடுகள் அடுக்கிய வில் தகடுகளுக்கிடையிலான உராய்வினால் தானாகவே ஓரளவு ஆட்டத்தை அடக்கிக்கொள்ளும், சுருள் வில்லுக்கு அந்த வசதி இல்லை. எனவே தகட்டு வில்லிலிருந்து சுருள் வில்லுக்கோ, தகடுகள் ஒன்றையொன்று உராயாத பரவளைவு வில்லுக்கோ மாறுபவர் பழைய சொக்கையே வைத்துக்கொண்டால் படகில் போவதுபோல ஆடிக்கொண்டே போகவேண்டியிருக்கும். சொக்கைச் சாய்த்துப் பொருத்துவதும் அதன் பலனைக் குறைக்கும். நிலைக்குத்திலிருந்து 30 பாகை சாய்த்தால் சக்கரத்தில் கிடைக்கும் அடக்குவிசையில் கால் பங்கு போய்விடுகிறது.

பாணமைக்கு அப்பாலுள்ள தடத்தில் சொக்கைக் கொல்வது பெருங்குழியன்று, சக்கரங்களின் ஓட்டத்தினாலேயே குறுக்குக் குறுக்காக எழும் சிற்றலை வரப்புகளே. அவை 70 சென்ரிமீற்றர் இடைவெளியில் அமைந்திருக்க, வண்டி மணிக்கு 50 கிலோமீற்றர் வேகத்தில் ஓடினால் ஒவ்வொரு சக்கரமும் விநாடிக்கு ஏறத்தாழ இருபது தடவை ஏறியிறங்குகிறது. எண்ணெய் கொதித்து, அதனோடு வாயு கலந்து நுரைத்துவிட்டால் பிஸ்டனுக்கு எதிர்ப்பே இல்லாமற்போகும். இதற்கு விடையாக மூன்று அமைப்புகள் சந்தையில் உள்ளன. ஒன்றுக்குள் ஒன்றாக இரு குழாய்கள் கொண்ட வகையில் குறைந்த அழுத்த நைதரசன் எண்ணெயோடு ஒரே அறையில் இருக்கும்; ஒற்றைக் குழாய் வகையில் உயரழுத்த நைதரசனை ஒரு மிதக்கும் பிஸ்டன் எண்ணெயிலிருந்து பிரித்துவைப்பதால் நுரை எழுவது அரிது, எண்ணெய்க் குழாயே வெளிக்காற்றில் படுவதால் வெப்பமும் விரைந்து வெளியேறும்; நுரைப்பஞ்சு வகையில் வாயுவுக்குப் பதிலாக நுண்ணறைகள் கொண்ட பஞ்சு வைக்கப்படுகிறது. ஒற்றைக் குழாயைப் பொதுவாக உயர்வாகப் பேசும் வழக்கம் இருந்தாலும், கல் தெறித்து அதன் சுவரில் ஒரு பள்ளம் விழுந்தால் பிஸ்டன் அதிலேயே சிக்கிக்கொள்ளும் என்பது வயல் பாதையில் சிறிய குறையன்று. இரட்டைக் குழாயின் வெளிச்சுவர் நசுங்கினாலும் உட்குழாய் பிழைத்துக்கொள்ளும். நாள்தோறும் பயணிகளை ஏற்றிக் குமணவுக்குள் ஓடும் சஃபாரி ஜீப்புக்கு ஒற்றைக் குழாயின் விலை நியாயமானது. சம்மாந்துறை வட்டைக்குப் போய்வரும் கெப்புக்குத் தடித்த இரட்டைக் குழாயே போதும், தனியான எண்ணெய்த் தொட்டி இணைத்த பந்தய வகைச் சொக் இரண்டுக்குமே ஆடம்பரம்.

விலையைக் காட்டிலும் அதிகம் தவறுவது நீளத்தில்தான். கொழும்பு பஞ்சிகாவத்தையில் வாங்கும் பழைய சொக்காயினும் புதியதாயினும், மேல்முனையும் கீழ்முனையும் வளையமா தண்டா என்று பார்த்துப் பொருந்தினால் எடுத்துவிடுவதே வழக்கம். முழுமையாக விரிந்த நீளமும் முழுமையாகச் சுருங்கிய நீளமும் அளக்கப்படுவதில்லை. வண்டியை உயர்த்திவிட்டுப் பழைய சொக்கையே விட்டால், சக்கரம் கீழ்நோக்கித் தொங்கும் இடத்தில் சொக்கே கயிறாகி அச்சைப் பிடித்துநிறுத்தும், நாளடைவில் அதன் பிடிப்புகள் பிய்ந்துவரும். மறுபுறம், நீளமான சொக்கைப் பொருத்தினால் அதன் சுருங்கிய நீளமும் பெரும்பாலும் கூடியிருக்கும். வில் உயர்ந்தாலும் சசியிலுள்ள இறப்பர்த் தடுப்புக் கட்டை இருந்த இடத்திலேயே இருப்பதால், அச்சு அக்கட்டையைத் தொடுவதற்கு முன்பே சொக்கின் பிஸ்டன் அடித்தட்டில் மோதிவிடும். ஆகவே சுருள் வில்லைக் கழற்றி, தகட்டு வில்லாயின் ஒரு பக்கச் சக்கரத்தை ஜாக்கியால் ஏற்றி, அச்சு தடுப்புக் கட்டையில் முட்டும் நிலையிலும் முழுதும் தொங்கும் நிலையிலும் இரு பிடிப்புகளுக்கும் இடையிலான தூரத்தை அளக்கவேண்டும். முட்டும் நிலையில் தூரம் 350 மில்லிமீற்றர், சொக்கின் சுருங்கிய நீளம் 375 மில்லிமீற்றர் என்றால், தடுப்புக் கட்டையைக் குறைந்தது 35 மில்லிமீற்றர் கீழிறக்கினால்தான் 10 மில்லிமீற்றர் இடைவெளியாவது எஞ்சும்.

முன் சக்கரங்கள் தனித்தனியே அசையும் வண்டிகளில், குறிப்பாக முறுக்குத் தண்டையே வில்லாகக் கொண்ட பழைய எல்200 போன்றவற்றில், தண்டின் திருகாணியை இறுக்கி உயர்த்துவது அரை மணி நேர வேலை. அப்படி இறுக்குவதால் வில் கடினமாகிவிடுகிறது என்ற கருத்து பிழையானது. கடினம் மாறுவதில்லை, தொங்கும் இடம்தான் குறைகிறது, சிறு பள்ளத்திலும் சக்கரத்தைப் பிடித்திருக்கும் மேற்புறக் கை தன் தடுப்பில் மோதி ஒலிப்பது அதனாலேயே. சக்கரத்துக்கு விசை கொண்டுசெல்லும் தண்டின் மூட்டுகள் கூடுதல் கோணத்தில் சுழன்று தேய்வதும் இதன் தொடர்ச்சி. முழு அச்சும் சுருள் வில்லும் கொண்ட ஜிம்னி போன்றவற்றை உயர்த்தும்போது, அச்சைப் பக்கவாட்டில் பிடித்திருக்கும் குறுக்குத் தண்டு அதனை ஒரு புறம் இழுத்துவிடும், முன் அச்சின் சாய்கோணமும் குறைந்து ஸ்டியரிங் நேராக நில்லாமல் அலையும். பிரேக் குழாய் முழுதும் தொங்கும் நிலையில் இழுபடுகிறதா என்பதை அளக்கும் அதே வேளையில் பார்த்துவிடலாம்.

கடலை ஒட்டிய ஊர்களில் உப்புக் காற்றால் சொக்கின் பளபளப்பான தண்டில் நுண்ணிய துருக் குழிகள் விழுந்து, அவை எண்ணெய் மறைப்பைக் கிழித்துவிடுவதால், மணலில் ஓடிய வண்டியின் அடிப்பாகத்தை நன்னீரால் கழுவுவதும், தூசியைத் தடுக்கும் உறையுடைய சொக்கைத் தெரிவதும் பயனுள்ளவை. தண்டில் மெல்லிய எண்ணெய்ப் படலம் இருப்பது இயல்பு, குழாயின் வெளிப்புறம் வழியே வடிவது இயல்பன்று. பொருத்தும்போது இறப்பர் புஷ்களின் நட்டுகளை வண்டி ஜாக்கியில் தொங்கும் நிலையில் இறுக்கிவிட்டால், சக்கரம் நிலத்தில் ஊன்றியவுடன் இறப்பர் முறுகிய நிலையிலேயே நின்று சில மாதங்களில் கிழியும். வண்டியை இறக்கி, அதன் வழக்கமான சுமையையும் ஏற்றிய பின்னரே கடைசி இறுக்கம் கொடுக்கப்படவேண்டும், அதன் பிறகே சக்கரங்களின் நேர்ப்பாட்டையும் முன்விளக்குகளின் ஒளிக்கோணத்தையும் சரிசெய்ய வேண்டும்.