சைக்கிளுக்குள் ஒளிந்த மோட்டார்



நம்ம கொல்லிமலைக்கு 70 கொண்டை ஊசி வளைவு. அதில் சைக்கிள் மிதித்தால் நாலாவது வளைவிலேயே மூச்சு வாங்கும். அப்போ யாருக்கும் தெரியாமல் சைக்கிளே கொஞ்சம் மிதித்துக் கொடுத்தால்? பெரிய பந்தயத்துக்கே இப்படி ஒரு சைக்கிள் வந்து மாட்டியிருக்கிறது.

சீட்டுக்குக் கீழே இறங்குகிற பைப்புக்குள் ஒல்லியான ஒரு மோட்டாரைச் செருகிவிடுவார்கள். அது சுமார் 200 வாட். 1 குதிரைத்திறன் 746 வாட் என்று அறிவியலில் படித்தோமே, அதில் கால்வாசிக்குக் கொஞ்சம் மேலே. தோட்டத்துக் கிணற்றில் 5 எச்.பி. மோட்டார் ஓடுகிற ஊரில் இது ஒரு மோட்டாரா என்று சிரிப்பீங்க. ஆனால் மலை ஏறும் பெரிய வீரரின் காலே சுமார் 400 வாட்தான் தரும். அதோடு இன்னும் பாதி சேர்ந்தால் மற்றவர்கள் எப்படிப் பிடிப்பது? (நம்ம பள்ளி ஸ்லோ சைக்கிள் ரேஸில் மட்டும் இதனால் ஒரு பயனும் இல்லை!)

சரி, கண்டுபிடிப்பது எப்படி? தண்ணி பாய்ச்சி முடித்ததும் மோட்டார் பக்கத்தில் கையை வைத்துப் பாருங்க, அனல் அடிக்கும். மின்சாரம் முழுதும் சுற்றுவதற்கே போவதில்லை. காயில் கம்பியின் மின்தடையால் ஒரு பங்கு வெப்பமாகிவிடுகிறது. சூடான எந்தப் பொருளும் அகச்சிவப்புக் கதிரை விடும். 1800-ல் வில்லியம் ஹெர்ஷல் கண்டுபிடித்தது இது. நம் கண்ணுக்குத் தெரியாது, தெர்மல் கேமராவுக்குத் தெரியும். சூடான இடத்தை வெளிச்சமாகவும் குளிர்ந்த இடத்தை இருட்டாகவும் காட்டும். கோயம்புத்தூர் மதுக்கரையில் ரயில் தண்டவாளம் பக்கம் வரும் யானையை ராத்திரியில் பார்க்க 2024 பிப்ரவரியில் 12 கோபுரங்களில் இந்தக் கேமராவைத்தான் வைத்தார்கள்.

2016 டூர் டி பிரான்ஸ் பந்தயத்தில் இதைக் கொண்டுவந்தார்கள். ஆனால் ஒரு சிக்கல். மோட்டார் ஓடினால்தானே சூடு? அணைத்து ஆறவிட்டால் கேமராவுக்கு ஒன்றும் தெரியாது. இன்னொன்று, ரோட்டில் உருளும் டயரும் சூடாகும், பிரேக்கும் சூடாகும், வெயிலில் கறுப்பு பைப்பும் சூடாகும். அந்த வருடம் ஏப்ரலில் பிரான்ஸ் டிவியும் இத்தாலிப் பத்திரிகையும் கேமராவில் பார்த்து 7 சைக்கிள் மீது சந்தேகம் சொன்னார்கள். யாருக்கும் தண்டனை இல்லை. என்னைக் கேட்டால் அதுதான் சரி. சூடு தெரிந்தது என்பதற்காக ஒருவரைத் திருடன் என்று சொல்லலாமா? பிரித்துப் பார்க்க வேண்டாமா?

பிரித்துப் பார்த்துப் பிடிபட்டவர் பெல்ஜியம் நாட்டு ஃபெம்கே வான் டென் ட்ரீஷே. வயது 19. 2016 ஜனவரியில் சோல்டர் ஊரில் உலகப் போட்டி. அவருக்காக வைத்திருந்த சைக்கிள் அருகே டேப்லெட் கருவியைக் கொண்டுபோனார்கள். அது காந்தப்புலத்தை வைத்துப் பார்ப்பது. மோட்டாருக்குள் காந்தம் இருக்குமே, அது ஓடாவிட்டாலும் காட்டிக் கொடுத்துவிடும். சீட்டைக் கழற்றினால் உள்ளே வயர்! அது நண்பரின் சைக்கிள், தெரியாமல் வந்துவிட்டது என்றார் அந்த அக்கா. நம்பவில்லை. 6 வருடத் தடை, 20,000 சுவிஸ் பிராங்க் அபராதம். முன்பு வாங்கிய ஐரோப்பியப் பட்டத்தையும் பறித்தார்கள். அப்போது அவருக்குப் பின்னால் வந்து, தன் கால்தான் போதவில்லை என்று அழுத பெண்களும் இருந்திருப்பாங்க இல்லையா!

2018-ல் எக்ஸ்ரே பெட்டியை வண்டியில் ஏற்றிக் கொண்டுவந்தார்கள். நம்ம நாமக்கல் பக்கம் முட்டையை விளக்குக்கு நேராகப் பிடித்து, உடைக்காமலே உள்ளே பார்ப்பாங்களே, அதே மாதிரி. சைக்கிளைப் பிரிக்க வேண்டியதில்லை, சூடும் தேவையில்லை. இப்போது பெரிய பந்தயங்களில் ஜெயித்தவருக்கு மாலை போடும்போதே, அவர் சைக்கிளைச் சோதனைக்குத் தள்ளிக்கொண்டு போய்விடுகிறார்கள்.