பழைய எந்திரங்களின் மறுவாழ்வு – 7: எழுபத்திரண்டு படிகளும் ஒரு புதிய டிரைவும்

ஸ்டெப்பர் மோட்டாரால் இயங்கும் பழைய சி.என்.சி. லேத் ஒன்று நின்றுபோகும்போது முதல் சந்தேகம் மோட்டாரின் மீது விழுவது வழக்கமென்றாலும், தேய்வதற்கு இரண்டு பேரிங்குகளைத் தவிர வேறு எதுவும் இல்லாத, கார்பன் பிரஷ்கூட இல்லாத அந்த மோட்டார் எளிதில் சாவதில்லை. முதலில் போவது பெரும்பாலும் டிரைவ்தான். கட்டுப்பாட்டுக் கணினி தரும் மெலிந்த குறிகைகளை வாங்கி, மோட்டாரின் சுருள்களுக்கு உரிய வரிசையில் வலுவான மின்னோட்டத்தைச் செலுத்தும் மின்னணுப் பலகையே டிரைவ் எனப்படுகிறது. அதிலுள்ள பவர் டிரான்சிஸ்டர்கள் சூட்டில் தளர்கின்றன, எலக்ட்ரோலிட்டிக் கப்பாசிட்டர்கள் ஆண்டுகள் செல்லச் செல்ல உள்ளே உலர்ந்துபோகின்றன. அசல் பலகைக்கு மாற்று கிடைக்காத நிலையில், இரும்பெல்லாம் உறுதியாக இருக்கும் ஓர் இயந்திரத்தைப் பழைய இரும்புக் கடைக்கு அனுப்பாமல் காப்பாற்றும் வழி புதிய டிரைவைப் பொருத்துவதே ஆகும்.

இதற்கு நல்ல எடுத்துக்காட்டு, ஆஸ்திரியாவில் சால்ஸ்பர்க்கை அடுத்த ஹாலைன் நகரின் எம்கோ நிறுவனம் 1980களில் தொழிற்பயிற்சிக் கூடங்களுக்காகச் செய்த காம்பேக்ட் 5 சி.என்.சி. என்னும் மேசை லேத். நிரலைக் கேசட் நாடாவில் பதிந்து வைத்த அந்தச் சிறு இயந்திரத்தின் ஸ்டெப்பர் மோட்டார் ஒரு படிக்கு 5 பாகை திரும்பும். அதாவது ஒரு முழுச் சுற்றுக்கு 72 படிகள். ஒரு படிக்கு டூல் நகரும் தொலைவு ஏறத்தாழ 0.0138 மி.மீ., அதாவது ஒரு மில்லிமீட்டரின் 72இல் ஒரு பங்கு. அதன் உச்ச வேகமான நிமிடத்துக்கு 700 மி.மீ. என்பதைப் படிகளாக மாற்றினால் நொடிக்கு 840 படிகள் வரும். இந்த எண்களைச் சற்று நினைவில் வைத்துக்கொண்டால் இனி வரும் செய்திகள் தெளிவாகும்.

ஒரு படிக்குக் கிடைக்கும் நேரம் ஏறத்தாழ 1.2 மில்லிநொடி மட்டுமே என்பதுதான் சிக்கலின் வேர். சுருள் என்பது மின்னோட்டம் மாறுவதை எதிர்க்கும் பொருள். அந்த எதிர்ப்பின் அளவே தூண்டம் எனப்படுகிறது. 2 ஓம் மின்தடையும் 2 மில்லிஹென்றி தூண்டமும் கொண்டு, 3 ஆம்பியர் தாங்கும் ஒரு சுருளைக் கணக்குக்காக எடுத்துக்கொள்வோம். தடைக்கேற்ற 6 வோல்ட்டை மட்டும் அதற்குக் கொடுத்தால், மின்னோட்டம் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கை எட்டவே 1 மில்லிநொடி ஆகிறது. முழு அளவை எட்டுவதற்குள் அடுத்த படிக்கான கட்டளை வந்துவிடுகிறது. மின்னோட்டம் நிரம்பாவிட்டால் முறுக்குவிசை இல்லை. முறுக்குவிசை இல்லாவிட்டால் மோட்டார் சிணுங்கியபடியே படியைத் தவறவிடுகிறது.

அக்காலத்து டிரைவ்கள் பலவற்றில் இதற்குக் கையாளப்பட்ட தீர்வு முரட்டுத்தனமானது, ஆனால் எளியது. சுருளோடு தொடராக 13 ஓம் தடை ஒன்றைச் சேர்த்து, மின்னழுத்தத்தை 45 வோல்ட்டுக்கு உயர்த்தினால், மின்னோட்டம் அதே 3 ஆம்பியரில் நிற்கும், ஆனால் ஏழரை மடங்கு விரைவாக ஏறும். இதற்கான விலை வெப்பம்: ஒரு சுருளுக்கு அந்தத் தடையில் மட்டும் 117 வாட் எரிகிறது, இரு சுருள்களுக்கு 234 வாட். பழைய கட்டுப்பாட்டுப் பெட்டியின் பின்பக்கத்தில் விரல் பருமனுள்ள பீங்கான் தடைகள் வரிசையாக நிற்பதும், அவற்றைச் சுற்றியுள்ள பலகை பழுப்பேறிக் கிடப்பதும், பக்கத்திலிருக்கும் கப்பாசிட்டர்கள் முதலில் உயிர்விடுவதும் இதனால்தான்.

இன்றைய டிரைவ்கள் சாப்பர் முறையில் இயங்குகின்றன. அவை 45 வோல்ட்டையும் இடையில் தடையின்றிச் சுருளுக்கே கொடுத்து, மின்னோட்டம் 3 ஆம்பியரைத் தொட்டதும் இணைப்பை வெட்டி, சற்றே இறங்கியதும் மீண்டும் இணைத்து, இதையே நொடிக்குப் பல்லாயிரம் முறை செய்கின்றன. ஏறும் வேகம் பழைய முறையின் அளவே இருக்க, சுருளுக்குள் எரியும் 18 வாட் போக வீண் வெப்பம் மிகக் குறைவு. ஆகவே டிரைவ் மாற்றம் என்பது பழுது நீக்குவது மட்டுமன்று; அதே பழைய மோட்டார், தனக்குள் ஏற்கெனவே இருந்த திறனை வேகத்திலும் வெளிக்காட்ட இடம் கொடுப்பதும் ஆகும். டிரைவை விட்டுவிட்டு மோட்டாரை மட்டும் பெரிதாக்குவோர், தூண்டம் கூடிய பெரிய மோட்டார் வேகத்தில் முன்னதைவிடத் தளர்ந்துபோவதைக் கண்டு குழம்புவதற்கும் இதுவே காரணம்.

எத்தனை வோல்ட் என்பதற்கு, கெக்கோடிரைவ் நிறுவனத்தை நிறுவிய மாரிஸ் ஃப்ரைமானிஸ் பரப்பிய ஒரு கைக்கணக்கு உண்டு: மில்லிஹென்றியில் அளந்த தூண்டத்தின் வர்க்கமூலத்தை 32ஆல் பெருக்கினால் வருவதே மேல் எல்லை. நமது 2 மில்லிஹென்றிச் சுருளுக்கு அது ஏறத்தாழ 45 வோல்ட். 32 வோல்ட் தரும் டிரான்ஸ்பார்மரை டயோடு பாலத்தோடும் கப்பாசிட்டரோடும் இணைத்தால் ஏறக்குறைய 43 வோல்ட் கிடைக்கும். ஆயினும் மின்வாரிய அழுத்தம் பத்து விழுக்காடு உயர்ந்தால் இதுவும் அதே அளவு உயரும் என்பதாலும், வேகம் குறையும் மோட்டார் மின்னாக்கியாக மாறி அழுத்தத்தைத் திருப்பியனுப்பும் என்பதாலும், 50 வோல்ட் என்று அச்சிட்ட டிரைவை இதில் பொருத்துவது சூதாட்டம். 80 வோல்ட் தாங்கும் டிரைவே இங்கு அறிவுடைமை.

அடுத்தது கம்பிகளின் கணக்கு. பழைய மோட்டார்கள் பலவற்றில் ஆறு கம்பிகள் வெளிவரும்; ஒவ்வொரு சுருளுக்கும் இரு முனைகளோடு நடுவிலிருந்தும் ஒரு கம்பி எடுக்கப்பட்டிருக்கும். அக்காலத்தில் நான்கே டிரான்சிஸ்டர்களால் வேலையை முடிக்க உதவிய ஏற்பாடு இது. புதிய டிரைவுக்கு ஒரு சுருளுக்கு இரண்டு கம்பிகள் போதும் என்பதால், முழுச் சுருளையும் பயன்படுத்துவதா, நடுக்கம்பியிலிருந்து ஒரு பாதியை மட்டும் பயன்படுத்துவதா என்ற கேள்வி எழுகிறது. முழுச் சுருளில் மெதுவான ஓட்டத்தின்போது வலிமை கூடுகிறது, ஆனால் தூண்டம் நான்கு மடங்காகி வேகத்தில் தளர்கிறது. பாதிச் சுருளில் இதற்கு நேர்மாறு. விரைந்த நகர்வு வேண்டிய லேத்துக்குப் பாதிச் சுருளே பெரும்பாலும் பொருந்தும். அப்போது பயன்படாமல் நிற்கும் முனையில், டிரான்ஸ்பார்மரில் நிகழ்வதைப் போலவே, கொடுத்த அழுத்தத்தின் இரு மடங்கு தோன்றும் என்பதால், அதை வெட்டிவிட்டு அப்படியே தொங்கவிடாமல் தனியாக உறையிட்டு மூடவேண்டும்.

இனி 72க்கு வருவோம். வரைபடத்தில் 0.1 மி.மீ. என்று எழுதியிருந்தால் அது 7.2 படிகள், இயந்திரத்தால் 7 படிகளோ 8 படிகளோதான் போக முடியும். 7 என்றால் 0.097 மி.மீ. எக்ஸ் அச்சில், அதாவது டூல் ஜாப்பை நோக்கி உள்ளே வரும் திசையில், இந்தப் பிழை விட்டத்தில் இரட்டிப்பாகும். புதிய டிரைவ்களோ ஒரு படியைப் பல நுண்படிகளாகப் பிரிக்க வல்லவை. இரு சுருள்களின் மின்னோட்டங்களையும் அளவறிந்து கூட்டிக் குறைப்பதால் சுழலி இரு படிகளுக்கு இடையிலும் நிற்கிறது. பத்து நுண்படி என்று அமைத்தால் ஒரு மில்லிமீட்டருக்குக் கணினி அனுப்பவேண்டிய கட்டளைத் துடிப்புகள், அதாவது பல்ஸ்கள், 720; 0.1 மி.மீ.க்கு மிகச் சரியாக 72. மோட்டார் குறிப்பிட்ட வேகங்களில் உறுமி நடுங்கும் ஒத்திசைவும் பெருமளவு அடங்குகிறது. ஆனால் விற்பனைத் தாள்கள் சொல்லாத ஒன்றும் உண்டு: பத்தில் ஒரு பங்கான நுண்படிக்குச் சுழலியைத் தள்ளும் விசை, மோட்டாரின் முழுப் பிடிப்பு விசையில் ஏறத்தாழ 16 விழுக்காடே. உராய்வு அதைவிடக் கூடுதலாக இருந்தால், சில பல்ஸ்கள் சேரும்வரை டூல் அசையாது. கணக்கு சுத்தமாகிறது, துல்லியம் பத்து மடங்காகிவிடுவதில்லை.

பழைய கட்டுப்பாட்டுக் கணினியையே வைத்துக்கொள்ள நினைப்போர் இங்கே ஒரு முறைக்கு இருமுறை யோசிக்கவேண்டும். ஒரு பல்ஸுக்கு ஒரு படி என்று எண்ணும் அந்தக் கணினிக்குப் பின்னால் பத்து நுண்படி டிரைவை வைத்தால், 20 மி.மீ. நகரவேண்டிய டூல் 2 மி.மீ.யில் நின்றுவிடும். சில கணினிகளோ பல்ஸ், திசை என்று இரு குறிகைகளைத் தராமல், சுருள்களுக்கான வரிசையைத் தாமே உருவாக்கி அனுப்புகின்றன. புதிய டிரைவுக்கு அந்த மொழியே புரியாது. எனவே டிரைவோடு கட்டுப்பாட்டையும் மாற்றி, லினக்ஸ்சிஎன்சி போன்றதொரு மென்பொருளை அமர்த்துவதே பெரும்பாலும் முடிவாகிறது. அமெரிக்க அரசின் தர அளவீட்டு நிறுவனமான நிஸ்ட்டில் 1990களில் தொடங்கிய பணியே அதன் மூலம்.

டிரைவின் பக்கவாட்டிலுள்ள சிறு சுவிட்சுகளில் மின்னோட்ட அளவை அமைக்கும்போது, அங்கு அச்சிட்டிருப்பது உச்ச அளவா, ஆர்.எம்.எஸ். எனப்படும் பயன் அளவா என்று பார்க்கவேண்டும். இரண்டுக்கும் இடையே 1.4 மடங்கு வேறுபாடு உண்டு. அதே வரிசையில், மோட்டார் நிற்கும்போது மின்னோட்டத்தைத் தானாகப் பாதியாக்கும் சுவிட்சும் ஒன்று இருக்கும். மில்லிங் இயந்திரத்தைவிட லேத்தில் இது கூடுதலாகக் கவனிக்கத்தக்கது. நீண்ட உருளை ஒன்றைக் கடையும்போது, ஜாப்பின் நீளவாக்கில் செல்லும் இசட் அச்சு மட்டுமே நகர்கிறது. எக்ஸ் அச்சு நின்றபடி, டூலை வெளியே தள்ளும் வெட்டு விசையைத் தாங்குகிறது. அந்நேரம் பார்த்து டிரைவ் அதன் பிடியைத் தளர்த்தினால், உருளை ஒரு முனையில் தடித்துவிடக்கூடும். டர்னர் டெயில்ஸ்டாக்கைச் சந்தேகித்துக் கொண்டிருப்பார். எக்ஸ் அச்சுக்கு மட்டும் அந்தச் சுவிட்சை அணைத்துவைத்து, மோட்டார் சற்றுச் சூடாவதைப் பொறுத்துக்கொள்வதே மேல்.

மின்சாரம் இருக்கும்போது மோட்டார் கம்பியைக் கழற்றுதல் கூடாது என்பது தெரிந்ததே. சுருளில் தேங்கிய ஆற்றல் டிரைவின் டிரான்சிஸ்டர்களை அந்தக் கணமே பொசுக்கிவிடும்.

எல்லாம் முடிந்தபின் சோதிக்க வேண்டியது வேகமன்று, திரும்பி வருதலே. ஸ்டெப்பர் மோட்டாரின் சுழலி எங்கு நிற்கிறது என்பது இத்தகைய டிரைவுக்குத் தெரியாது. அனுப்பிய பல்ஸ்களை எண்ணி, போயிருக்கும் என்று நம்புவதே அதன் முறை. எனவே டயல் கேஜின் முனையைக் கிராஸ் ஸ்லைடில் தொடவைத்து முள்ளைச் சுழியில் நிறுத்தி, முன்னும் பின்னும் நூறு முறை முழு வேகத்தில் ஓடவிட்டு, முள் மீண்டும் அதே கோட்டுக்கு வருகிறதா என்று பார்க்கவேண்டும். ஒவ்வொரு ஓட்டத்திலும் ஒரே திசையில் சிறிது சிறிதாக விலகிக்கொண்டே போனால் படிகள் தவறுகின்றன என்று பொருள். முடுக்கத்தைக் குறைத்து மீண்டும் பார்க்கவேண்டும். இசட் அச்சுக்கு உண்மையான தேர்வு மரை வெட்டுதல்: ஸ்பிண்டிலின் சுற்றோடு பிணைந்து, ஒவ்வொரு வெட்டிலும் டூல் முந்தைய பள்ளத்திலேயே விழவேண்டும். ஒரே ஒரு முழுப்படி தவறினாலும் 0.0138 மி.மீ. விலகி, மரையின் ஒரு பக்கம் மட்டும் புதிதாகச் சீவப்பட்டு மினுங்கும். அதைப் பார்க்க அளவுகோல் தேவையில்லை, பக்கவாட்டு வெளிச்சம் போதும்.

(தொடரும்)